மிக்சிங் வால்வை அமைப்பது, சோதிப்பது, எழுதி வைப்பது: முதன்முறை செய்பவருக்கு ஒரு வழிகாட்டி

முதியோர் இல்லம் ஒன்றில் 22 தெர்மோஸ்டாட்டிக் மிக்சிங் வால்வுகளை, அதாவது வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து குழாயில் ஒரே சூட்டில் விடும் வால்வுகளை, அமைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. ஒரே நாளில் முடித்தேன். ஒவ்வொரு குழாயிலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். நோட்டில் வால்வு எண்ணுக்கு எதிரே ‘சரி’ என்று எழுதினேன். பெருமையாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஏழாவது வாரம் மறுசோதனைக்குப் போனபோது 9-ஆம் எண் வாஷ்பேசினில் 44 டிகிரி காட்டியது. முதல் நாள் அது 41 ஆக இருந்ததா, 43 ஆக இருந்ததா? வால்வு மூன்று டிகிரி நகர்ந்துவிட்டதா, அல்லது நான்தான் முதலிலேயே தப்பாக வைத்தேனா? நோட்டைத் திறந்தால் ‘சரி’ என்று மட்டும் இருந்தது. 22 வால்வுகளையும் முதலிலிருந்து செய்தேன், என் சொந்தச் செலவில். நீங்கள் அந்தப் பாடு படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் இந்த வேலைக்கு உரிமம் பெற்ற பிளம்பர்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று விதி இருந்தால், அவரை வைத்துத்தான் செய்யவேண்டும். இது அதற்கு மாற்று இல்லை.

1. எந்த எண்ணுக்கு வைக்கப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்

இந்த வால்வு செய்வது வேறொன்றுமில்லை, வெந்நீரை விளாவுவதுதான். பக்கெட்டில் நாம் கையை விட்டுப் பார்த்துச் செய்வதை, உள்ளே இருக்கும் மெழுகு நிரம்பிய தெர்மோஸ்டாட் செய்கிறது. சூடு கூடினால் மெழுகு விரிந்து வெந்நீர் வரும் வழியைக் குறுக்கும். குறைந்தால் சுருங்கி வழிவிடும்.

வெந்நீரை ஏன் அவ்வளவு சூடாக அனுப்பிவிட்டுப் பிறகு விளாவ வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் கட்டாயம் கேட்பார்கள். கடுமையான நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் பெருகும். அதனால் டேங்கில் 60 டிகிரியாவது இருக்கவேண்டும். ஆனால் 60 டிகிரி தண்ணீர், பெரியவர்களின் தோலையே சுமார் 5 வினாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் அந்த நேரம்கூட வேண்டாம். டேங்கில் சூடு குறையக்கூடாது, குழாயில் கூடக்கூடாது. நடுவில் நிற்பது இந்த வால்வு ஒன்றுதான்.

குழாயில் எவ்வளவு இருக்கவேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஷவருக்கும் வாஷ்பேசினுக்கும் 41, பிடேவுக்கு (உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தொட்டி) 38, குளியல் தொட்டிக்கு 44 என்று வைக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், பள்ளி போன்ற இடங்களில் 45-ஐத் தாண்டக்கூடாது. சாதாரண வீடுகளில் 50 வரை போகலாம். உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்பதை நீங்களே ஊகிக்காதீர்கள். கட்டடத்துக்குப் பொறுப்பானவரிடம் ஒவ்வொரு குழாய்க்கும் உரிய எண்ணைக் கேட்டு, கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ‘தண்ணீர் சூடே இல்லை, கூட்டி வையுங்கள்’ என்று யாராவது நெருக்கும்போது அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

கூடவே வால்வு தயாரிப்பாளரின் கையேடு வேண்டும். எவ்வளவு அழுத்தம் தாங்கும், உள்ளே வரும் வெந்நீர் எத்தனை டிகிரிக்குள் இருக்கவேண்டும், எந்தக் குழாய்க்கு ஏற்றது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். வாஷ்பேசினுக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற வால்வை ஷவரில் மாட்டிவைத்திருப்பதை இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும்.

2. கையில் இருக்கவேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர், தண்ணீருக்குள் முக்கும் மெல்லிய முனை உள்ளதாக, சட்டென்று எண் காட்டுவதாக. துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடிக்கும் அகச்சிவப்பு வகை வேண்டாம். அது மேற்பரப்பைத்தான் பார்க்கும்; பளபளப்பான குரோமியக் குழாயில் காட்டும் எண்ணை நம்பவே முடியாது. தெர்மாமீட்டருக்கு நடப்பு அளவுத்திருத்தச் சான்றிதழ் இருக்கவேண்டும். அது இருந்தாலும், வேலைக்குக் கிளம்பும் காலையில் நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் முனையை விட்டு, கலக்கிக்கொண்டே பாருங்கள். 0 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கவேண்டும்.

அப்புறம் பிரஷர் கேஜ், ஸ்டாப்வாட்ச் (போன் போதும்), மில்லிலிட்டர் கோடு போட்ட குவளை, வால்வுக்குரிய சாவி அல்லது ஆலன் கீ, மாற்று ஓ-ரிங், சிலிகான் கிரீஸ். பெட்ரோலிய கிரீஸ் கூடாது. இந்த வால்வுகளில் வரும் ரப்பர் அதில் ஊறினால் உப்பிப்போய் உள்ளே நகரவேண்டியது நகராமல் சிக்கிக்கொள்ளும். அழியாத மை பேனாவும் வால்வில் கட்டும் எண் தகடுகளும் எடுத்துக்கொள்ளுங்கள். தகடு சின்ன விஷயம்தான். ஆனால் இரண்டாவது மாடி இடது பக்கத்தில் மூன்றாவது என்றெல்லாம் எழுதிவைத்தால் அடுத்த வருடம் உங்களுக்கே புரியாது.

3. முதலில் குழாயைக் கழுவுங்கள்

புதிய கட்டடமானால் இதைத் தவிர்க்கவே முடியாது. வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, அல்லது அதன் வடிகட்டிகளை எடுத்துவிட்டு, வெந்நீர் லைன், பச்சைத்தண்ணீர் லைன் இரண்டையும் தனித்தனியாக ஓடவிடுங்கள். தண்ணீர் தெளிந்துவிட்டது என்று தோன்றிய பிறகும் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.

என் முதல் வேலையில் இதைச் செய்யவில்லை. மறுபடி திறந்த 9-ஆம் எண் வால்வின் வடிகட்டியில் என்ன இருந்தது தெரியுமா? கடுகு அளவில் நாலைந்து பற்றவைப்பு ஈய உருண்டைகள், ஒரு இழை டெஃப்லான் டேப், வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புச் செதில். வலையின் பாதி அடைபட்டிருந்தது, அதுவும் பச்சைத்தண்ணீர்ப் பக்கத்தில். அந்த வழி குறுகினால் வால்வுக்கு விளாவத் தண்ணீர் போதாது. சூடு ஏறத்தான் செய்யும். மூன்று டிகிரிக்குக் காரணம் அதுதான். வலையைத் தாண்டி உள்ளே போன துகளானால் இன்னும் மோசம். வெந்நீர் வழி மூடும் இடத்தில் மாட்டிக்கொண்டு முழுசாக மூடவிடாது.

4. வால்வுக்குள் என்ன வருகிறது என்று அளங்கள்

வால்வைத் திருகும் முன் நான்கு எண்கள் வேண்டும்: உள்ளே வரும் வெந்நீரின் சூடு, பச்சைத்தண்ணீரின் சூடு, இரண்டு பக்கத்து அழுத்தம். அழுத்தத்தைத் தண்ணீர் ஓடும்போதுதான் பார்க்கவேண்டும். குழாய் மூடியிருக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கும், திறந்ததும் ஒரு பக்கம் படுத்துவிடும்.

வெந்நீர், விளாவிய தண்ணீரைவிடக் குறைந்தது 10 டிகிரியாவது கூடுதலாக இருக்கவேண்டும் என்று பல கையேடுகள் கேட்கின்றன. சில அதற்கும் மேலே கேட்கும். இந்த இடைவெளி இல்லாவிட்டால் ஆபத்து நேரத்தில் வால்வு மூடிக்கொள்ளாது. நாளெல்லாம் குழாய் நன்றாகவே வேலை செய்யும், யாருக்கும் சந்தேகம் வராது. ஹீட்டர் போட்டு அரைமணி நேரத்தில், டேங்க் இன்னும் 48 டிகிரியில் இருக்கும்போதே வேலையைத் தொடங்கிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு. முந்தைய இரவே ஹீட்டரைப் போடச் சொல்லுங்கள்.

அழுத்தம் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டச் சமமாக இருந்தால் நல்லது. எவ்வளவு ஏற்றத்தாழ்வு தாங்கும் என்பது கையேட்டில் விகிதமாகப் போட்டிருக்கும். பச்சைத்தண்ணீர் பம்பிலிருந்து நேராக வந்து, வெந்நீர் மட்டும் மேல்தொட்டியிலிருந்து தன் எடையில் இறங்கும் கட்டடங்களில் இந்தத் தொல்லை சகஜம். அங்கே வால்வோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பச்சைத்தண்ணீர்ப் பக்கம் போடச் சொல்லிவிட்டு, அது வந்த பிறகு வேலையைத் தொடருங்கள்.

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் பச்சைத்தண்ணீர் மதிய வெயிலில் பச்சைத்தண்ணீராகவே இருக்காது. அதுவே 35 டிகிரியைத் தொட்டால் வால்வுக்கு விளாவ ஒன்றும் மிச்சமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு எடுத்து இரண்டையும் எழுதுங்கள்.

உடனடி ஹீட்டரில் இணைத்த வால்வு என்றால் இன்னொரு சிக்கல். பல ஹீட்டர்கள் குறிப்பிட்ட அளவு தண்ணீர் ஓடினால்தான் எரியும். வால்வு வெந்நீரைக் குறுக்கும்போது ஓட்டம் அந்த அளவுக்குக் கீழே போனால் ஹீட்டர் அணையும்; தண்ணீர் குளிர்ந்து வால்வு திறக்கும், ஹீட்டர் மறுபடி எரியும். சூடும் குளிருமாக மாறி மாறி வரும். வால்வு கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றவேண்டாம்.

5. எண்ணுக்கு வையுங்கள்

குழாயை முழுசாகத் திறந்து, சூடு நிலைக்கும்வரை காத்திருங்கள். சாவியைக் கொஞ்சம் திருப்புங்கள், மறுபடி காத்திருங்கள். அவசரப்பட்டால் எண்ணைத் துரத்திக்கொண்டே இருப்பீர்கள். திருகில் எப்போதும் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும். அதனால் கடைசித் திருப்பம் எப்போதும் ஒரே பக்கமாக, குளிரிலிருந்து சூட்டை நோக்கி முடியும்படி பார்த்துக்கொள்கிறேன். இது என் பழக்கம்தான், விதி இல்லை. கையேடு வேறு மாதிரி சொன்னால் கையேட்டின்படி செய்யுங்கள்.

வைத்த பிறகு குழாயை மூன்று நான்கு முறை மூடித் திறங்கள். அதே எண்ணுக்குத் திரும்புகிறதா? பக்கத்தில் இன்னொரு குழாயைத் திறங்கள், கழிப்பறைத் தொட்டியை அழுத்திவிடுங்கள். எண் 2 டிகிரிக்குமேல் ஆடினால் 4-ஆம் படிக்குத் திரும்பிப் போய் அழுத்தத்தைப் பாருங்கள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் திருகைப் பூட்டி, மூடியைப் போட்டுவிடுங்கள்.

6. பச்சைத்தண்ணீரை நிறுத்திப் பாருங்கள்

வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. எண் சரியாக இருப்பது வசதிக்கு; பச்சைத்தண்ணீர் திடீரென்று நின்றுபோகும்போது வால்வு வெந்நீரை அடைக்கிறதா என்பதுதான் பாதுகாப்பு. பம்ப் நின்றாலோ தொட்டி காலியானாலோ, ஷவருக்குக் கீழே நிற்பவர் விலகக்கூட முடியாதவராக இருக்கலாம்.

குழாய் ஓடிக்கொண்டிருக்கட்டும். தெர்மாமீட்டர் முனை தண்ணீர்த் தாரையில் இருக்கட்டும். கை மட்டும் தண்ணீரில் வேண்டாம். வால்வுக்குப் போகும் பச்சைத்தண்ணீர் அடைப்பானை ஒரேயடியாக மூடுங்கள். மெதுவாக மூடினால் சோதனையே பொய். உடனே ஸ்டாப்வாட்சை அழுத்துங்கள்.

நல்ல வால்வானால் தாரை சட்டென்று மெலிந்து, நூலாகி, சொட்டாகும். பிரிட்டனில் பின்பற்றும் முறை இது: மூடி 5 வினாடி ஆன பிறகும் தண்ணீர் வந்துகொண்டிருந்தால், குவளையை வைத்து அடுத்த 30 வினாடி பிடிக்கவேண்டும். 120 மில்லிலிட்டருக்கு மேல் சேர்ந்தால் வால்வு தேறவில்லை. உங்கள் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. பிடித்ததன் அளவையும், அந்த நேரத்தில் தெர்மாமீட்டர் காட்டிய உச்ச எண்ணையும் எழுதுங்கள்.

பிறகு அடைப்பானைத் திறந்து, பழைய எண்ணுக்கு 2 டிகிரிக்குள் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் உள்ளே ஏதோ சிக்குகிறது என்று அர்த்தம். சில இடங்களில் வெந்நீரை நிறுத்தியும் பார்க்கச் சொல்வார்கள். பிறகு அதையும் செய்யுங்கள். ஆனால் அதை முதலில் செய்துவிட்டு, நேரமில்லை என்று இதை விட்டுவிடாதீர்கள்.

இதில் ஒரு பொறி. அடைப்பானை மூடியும் குழாயில் தண்ணீர் நிற்கவே இல்லை, ஆனால் சூடும் ஏறவில்லை. சோதனை தேறியது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அடைப்பானே முழுசாக மூடவில்லை. பச்சைத்தண்ணீர் கசிந்து வந்துகொண்டிருக்கிறது. அதை மாற்றாமல் சோதித்ததாக எழுதக்கூடாது. ‘அடைப்பான் பழுது, சோதிக்கவில்லை’ என்று எழுதுங்கள். 22 வால்வுகளையும் மறுபடி செய்தபோது இரண்டுக்கு அப்படித்தான் எழுதினேன். அதைப் படித்த நிர்வாகியின் முகம் சுருங்கியது, ஆனால் மறுவாரமே புது அடைப்பான் வந்துவிட்டது.

7. தேறாத வால்வை என்ன செய்வது

உடனே புது வால்வு வாங்கச் சொல்லாதீர்கள். முதலில் உள்ளே வரும் வெந்நீரின் சூட்டை மறுபடி அளங்கள், ஹீட்டர் இறங்கியிருக்கலாம். அடுத்து வடிகட்டி. அடுத்து செக் வால்வு, அதாவது தண்ணீர் வந்த வழியே திரும்பி ஓடாமல் தடுக்கும் வால்வு. குழாய்களை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வால்வுக்குப் போகும் பச்சைத்தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது வெதுவெதுவென்று இருந்தால், செக் வால்வு பழுதாகி வெந்நீர் அந்தப் பக்கம் திரும்புகிறது. தொட்டுப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடிய கோளாறு இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

இவையெல்லாம் சரியாக இருந்தால்தான் வால்வைத் திறக்கவேண்டும். சுண்ணாம்பு படிந்திருந்தால் தயாரிப்பாளர் சொல்லும் கரைசலில் ஊறவையுங்கள். கத்தியால் சுரண்டினால் மூடும் முகப்பு கீறிப்போகும், அப்புறம் அது எப்போதும் கசியும். ஓ-ரிங்கை மாற்றி, சிலிகான் கிரீஸ் தடவி மாட்டுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் தெர்மோஸ்டாட்டை மாற்றவேண்டும். எதை மாற்றினாலும் 5, 6-ஆம் படிகளை முழுசாகத் திரும்பச் செய்யவேண்டும். அதுவரை அந்தக் குழாயின் வெந்நீர் அடைபட்டே இருக்கட்டும்.

8. எழுதி வைக்கவேண்டியவை

வால்வு எண், இடம், மாடல், தொடர் எண். உள்ளே வந்த வெந்நீர், பச்சைத்தண்ணீரின் சூடு. ஓடும்போது இரண்டு பக்கத்து அழுத்தம். போய்ப் பார்த்தபோது இருந்த எண், விட்டு வந்தபோது இருந்த எண். பச்சைத்தண்ணீரை நிறுத்தியபோது எத்தனை வினாடி, எத்தனை மில்லிலிட்டர், உச்ச சூடு. மாற்றிய உதிரிகள். தெர்மாமீட்டரின் சான்றிதழ் எண். தேதி, நேரம், பெயர், கையெழுத்து, அடுத்த சோதனை தேதி.

எந்தப் பத்தியிலும் ‘சரி’ என்ற சொல் வரக்கூடாது. எண் மட்டும்தான். ‘போய்ப் பார்த்தபோது’ என்ற பத்தியைப் பலரும் விட்டுவிடுவார்கள்: வந்ததும் சாவியை எடுத்துத் திருகி, சரிப்படுத்திய எண்ணை மட்டும் எழுதுவார்கள். வால்வு ஒவ்வொரு முறையும் இரண்டு டிகிரி நழுவுவது அப்படியானால் யாருக்குமே தெரியாமல் போகும். ஒரு பிரதியைக் கட்டடத்தில் வையுங்கள், ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

9. மறுபடி எப்போது வரவேண்டும்

பிரிட்டனின் சுகாதார நிலையங்களுக்கான அட்டவணை எனக்குப் பிடித்தது. அமைத்து 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் சோதனை, 12 முதல் 15 வாரத்துக்குள் இரண்டாவது. இரண்டிலும் எண் 1 டிகிரிக்குள் நின்றிருந்தால் அடுத்ததற்கு, அமைத்த நாளிலிருந்து 24 முதல் 28 வாரம்வரை போகலாம். இரண்டு தடவையும் நகர்ந்திருந்தாலோ, ஒரு தடவையாவது 2 டிகிரிக்குமேல் நகர்ந்திருந்தாலோ அமைத்து 18 முதல் 21 வாரத்துக்குள் வந்துவிடவேண்டும். உங்கள் நாட்டில் வருடம் ஒருமுறை போதும் என்று விதி இருக்கலாம். அப்படி இருந்தாலும் முதல் 8 வாரத்துக்குள் ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். புதுக் குழாயின் குப்பை வந்து சேர்வது அந்தச் சமயத்தில்தான்.

முதல் நாள் எந்த நிலைமையில் அளந்தீர்களோ அதே நிலைமையில் மறுசோதனையும் இருக்கவேண்டும்: அதே ஓட்டம், வெந்நீர் முழுச் சூட்டில். அதிகாலை எண்ணையும் மதிய எண்ணையும் ஒப்பிட்டால் இல்லாத கோளாறைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

10. நேரமும் செலவும்

பேசும்போதே செலவைப் பிரித்துச் சொல்லிவிடுங்கள். வால்வின் விலையைத்தான் எல்லோரும் கேட்பார்கள். காசு போவது வேறு இடங்களில். எனக்கு ஒரு வால்வுக்கு, கழுவுவது முதல் எழுதுவது வரை, முக்கால் மணி நேரம் ஆகிறது. 22 வால்வுகளுக்குப் பதினாறரை மணி நேரம். ஏணி போடுவது, அறைக்குள் ஆள் இருந்தால் காத்திருப்பது எல்லாம் சேர்த்து மூன்று நாள். ஒரு நாளில் முடித்தேன் என்று முதலில் சொன்னேனே, அதிலேயே தெரிந்திருக்கவேண்டும்.

மேற்கூரைப் பலகைக்குப் பின்னாலும், டைல்ஸ் ஒட்டிய சுவருக்குள்ளும் புதைத்த வால்வுகளைத் தனியாக எண்ணுங்கள். அவற்றைத் திறக்கும் கூலி, வால்வைப் பார்க்கும் கூலியைவிட அதிகமாகும். முடிந்தால் திறக்கும் கதவு வைக்கச் சொல்லி முதலிலேயே எழுதிக் கொடுங்கள். இரண்டு மறுசோதனைகளையும் முதல் தொகையிலேயே சேர்த்துவிடுங்கள். தனியாகப் பிறகு கேட்டால் யாரும் கூப்பிடமாட்டார்கள். தெர்மாமீட்டரை வருடாவருடம் அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும் செலவு உங்களுடையது. அது திரும்பிவரும்வரை இரண்டாவது ஒன்று வேண்டும்.

11. ஒப்படைக்கும் நாளில்

விளாவிய தண்ணீர் ஓடும் குழாய் நீளமாக இருக்கக்கூடாது. வால்விலிருந்து குழாய் முனைவரை 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது, ஏனென்றால் 41 டிகிரித் தண்ணீர் அங்கே தேங்கினால் பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். ஆள் இல்லாத அறைகளின் குழாய்களை வாரம் ஒருமுறையாவது திறந்துவிட ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்கச் சொல்லுங்கள். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

திருகும் சாவியை வால்வுப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு வராதீர்கள். குளிர்காலம் வந்ததும் யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு அதை எடுத்துக் கொஞ்சம் கூட்டிவிடுவார். சாவியைப் பொறுப்பாளரிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக அதே தாளில் கையெழுத்து வாங்குங்கள்.